மருதாணிக் கணக்கு

"அம்மா, கார்டுல தேதி தப்பா அடிச்சிருக்காங்க."

அறிவுமதி சமையலறை வாசலில் நின்றாள். கையில் அழைப்பிதழ். திறந்தால் இரண்டு காகித மயில்கள் எழுந்து நிற்கிற விலையுயர்ந்த வகை. வள்ளிக்கண்ணு தோசைக்கல்லைவிட்டுத் திரும்பவில்லை.

"தப்பெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமைதான்."

"திங்கக்கிழமை எனக்கு மேத்ஸும்மா."

"தெரியும்."

"பப்ளிக் எக்ஸாம்."

"தெரியும்டி. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

தோசையைத் திருப்பிப் போட்டாள். கருகியிருந்தது. கருகியதைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்கு அடுத்ததை ஊற்றினாள்.

அறிவுமதி பெரிய மனுஷியானது இரண்டு வருடத்துக்கு முன்னால். எட்டாம் வகுப்பில், பி.டி. பீரியடில். அப்போதே மூன்று பெண்கள் கூடித் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டார்கள். ஊருக்குச் சொல்கிற விழா மட்டும்தான் பாக்கி. தாய்மாமன் சீர் வராமல் மஞ்சள் நீராட்டு இல்லை. தாய்மாமன் செந்தமிழனோ சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்குப் பதினான்கு நாள் லீவு கிடைத்துவிட்டது. அந்தப் பதினான்கு நாளில் மன்னார்புரம் ஏ.சி. மண்டபம் காலியாக இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆச்சரியம், அதே ஞாயிறுதான் உத்தமமான நாள் என்று வந்தது. மண்டபத்து மேனேஜரோடு நவக்கிரகங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

தேர்வுத் துறை டைம்டேபிளை மட்டும் யாரும் புரட்டவில்லை.

அப்பா முருகானந்தம் மூலத்தோப்பில் அரிசிக்கடை வைத்திருப்பவர். மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து பொன்னி எடுத்து, சொந்தப் பை அடித்து விற்கிறார். பையின் ஒரு பக்கம் அவருடைய படம், மறுபக்கம் 'பெண் கல்வி போற்றுவோம்' என்ற வாசகம். மகளிர் தினம் வந்தால் யாராவது அவரை மேடையேற்றிவிடுவார்கள்; அவரும் "ஒரு பெண்ணைப் படிக்க வைப்பது ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டுவதற்குச் சமம்" என்று பேசுவார். பத்து வருடமாக அதே பல்கலைக்கழகம். அஸ்திவாரம் போட்டபடியே நிற்கிறது.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம் பல்கலைக்கழகமே நேரில் பேசியது.

"அப்பா, ஃபங்ஷன ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்ல?"

"மாமனுக்கு லீவு இல்லம்மா."

"எனக்கு மட்டும் இருக்கா?"

"இங்க பாரு. ஃபங்ஷன் ஞாயித்துக்கிழம. பரீட்ச திங்கக்கிழம. ரெண்டும் ஒரே நாளா இருந்தா நீ கேக்குறதுல நியாயம் இருக்கு. அதான் ஒரு நாள் கேப் விட்டுருக்கோம்ல?"

இதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோல அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு, நினைவு வந்தவராய்த் திரும்பினார்.

"எண்பதுல மாத்தம் இல்லம்மா. சொல்லிட்டேன்."

எண்பதுதான் விஷயம். பதினோராம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் வேண்டுமென்றால் கணக்கில் எண்பது எடுக்கவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் விதி. எண்பது எடுத்தால் மேலே படிக்கலாம், எடுக்காவிட்டால் படிப்பை நிறுத்திக்கொண்டு மாமனுக்குப் பேசி முடித்துவிடலாம் என்பது முருகானந்தத்தின் விதி. செந்தமிழனுக்கு இருபத்தெட்டு வயது. "எனக்கு அவசரம் இல்ல மச்சான், மூணு வருஷம் வேணாலும் வெயிட் பண்றேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தான். யாரும் அறிவுமதியிடம் கேட்கவில்லை. எண்பது என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டார்களே, அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன உரிமை வேண்டும்?

ரிவிஷன் டெஸ்டில் அவள் எடுத்தது அறுபத்தெட்டு. போனது எல்லாம் அல்ஜீப்ராவில். ஃபேக்டர் பண்ணும்போது மைனஸ் போடவேண்டிய இடத்தில் ப்ளஸ் போட்டுவிடுவாள். மூலங்களின் கூட்டுத்தொகையையும் பெருக்குத்தொகையையும் மாற்றிப் போடுவாள். எட்டு மார்க் கிராப்பில் வளைகோடு தலைகீழாகத் தொங்கும்.

*

செந்தமிழன் வந்து இறங்கினான். பேர்தான் செந்தமிழன், "ஆக்சுவலா", "பேசிக்கலா" இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது. இறங்கிய மறுநாளே மூன்று இடத்தில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. ஒன்று வீட்டு வாசலில், ஒன்று மண்டபத்தில், மூன்றாவது அறிவுமதி படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நேரெதிரே. கறுப்புக் கண்ணாடியோடு செந்தமிழன் பனைமர உயரத்துக்கு நடந்து வந்தான். பின்னால் ஒரு சிங்கமும் நடந்து வந்தது. 'சிங்கப்பூர் சிங்கமே வருக! தங்க மருமகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அனைவரும் வருக!' தங்கை கனிஷ்கா நின்று எண்ணிப் பார்த்தாள். மொத்தம் இருபத்தொரு முகங்கள். அறிவுமதியின் முகம் இடது மூலையில், செல்போன் நம்பருக்குப் பக்கத்தில், வடை அளவு வட்டத்தில் இருந்தது.

"அக்கா, உன்னவிட சிங்கம் பெருசா இருக்குக்கா."

"மூடிட்டு நட."

இங்கிலீஷ் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் எல்லோரும் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நின்றார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சைக்கிளில் போகும்போது சத்தமாக வாசித்துக்கொண்டு போனார்கள். அறிவுமதி அன்றிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் நடந்து போய் பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை துறையூரிலிருந்து அத்தை வீரம்மாள் வந்தார். முருகானந்தத்தின் அக்கா. வந்ததும் முதல் காரியமாக அறிவுமதியின் மடியிலிருந்த கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அத்தை, இன்னும் ரெண்டு எக்சர்சைஸ்தான். குடுங்க அத்தை."

"கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நாளைக்கு வீடியோல மூஞ்சி நல்லா இருக்க வேணாமா? அம்பதாயிரம் குடுத்து ட்ரோன் வச்சு எடுக்குறான் ஒங்க அப்பன்."

"ட்ரோன் என் கண்ணப் பாக்கவா வருது?"

"வாய் மட்டும் குறையல. போயி மஞ்ச தேச்சுக் குளி."

வள்ளிக்கண்ணு வாசல்படியில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி ஓய்ந்த வாய். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை சமயத்தில் அவளுக்கும் துறையூரில் விழா நடந்தது. விழா முடிந்து அவள் பள்ளிக்கூடம் போகவே இல்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியே நின்றுபோயிற்று.

சாயங்காலம் வஹீதா வந்தாள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மெஹந்தி போடுவதில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கோனின் நுனியைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன போடட்டும்? அரபிக்கா, மயிலா?"

அறிவுமதி பூட்டிய பீரோவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"குவாட்ராடிக் போடு."

"என்னது?"

"ஃபார்முலாடி. எல்லாத்தையும். இடது கையில. கொடி மாதிரி சுத்தி விட்டுரு, யாருக்கும் தெரியாது. நாளைக்கு நாள் பூரா மேடையில சும்மாதானே ஒக்காந்திருப்பேன்?"

வஹீதா, "நீ லூசாயிட்டடி" என்றாள். சொல்லிக்கொண்டே கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வலது கையில் மயில் ஏறியது. இடது கையில், கட்டைவிரல் அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பிற்று. கொடியில் மைனஸ் ஒரு முள், ப்ளஸ் ஒரு பூ. ரூட் குறி வளைந்து ஒரு இலைக்குக் கூரையானது. மணிக்கட்டுப் பக்கம் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு படுத்தன. அத்தை வந்து எட்டிப்பார்த்தார்.

"இந்தக் கைதான் அம்சமா இருக்கு. மயிலு சுமாரு."

*

ஞாயிற்றுக்கிழமை மன்னார்புரம் மண்டபத்தில் சீர்த்தட்டுகள் செண்டை மேளத்தோடு வந்தன. நூற்றொரு தட்டு. ஒரு தட்டில் நான்கு ஆப்பிள், ஒரு தட்டில் இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு தட்டில் ஒரே ஒரு சாக்லேட் டப்பா. நூற்றொன்று என்று ஆக்கவேண்டுமே. செந்தமிழன் மாலையை மருமகள் கழுத்தில் போட்டான். ட்ரோன் ஒரு தடவை சீலிங்கில் இடித்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்தது.

பட்டுப்புடவை, ஒட்டியாணம், ராக்கொடி, மூன்று மாலை. அந்தப் பாரத்தில் அறிவுமதியால் நிமிர முடியவில்லை. நிமிர அவள் விரும்பவும் இல்லை. இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். *மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ், ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏ சி, பை டூ ஏ.*

"சூப்பர் மேடம்! அப்படியே இருங்க!" போட்டோகிராபர் குதூகலித்தார். "எத்தனையோ ஃபங்ஷன் எடுத்துருக்கேன், வெக்கப்படச் சொன்னா பொண்ணுங்க சிரிச்சிருவாங்க. இவங்க தானா வெக்கப்படுறாங்க பாருங்க!"

சந்தனம் பூச வந்த பெண்களெல்லாம் அதையே சொன்னார்கள்.

"என்ன அடக்கம் இந்தப் புள்ளைக்கு!"

"தல நிமிரலையே இன்னும்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! வள்ளிக்கண்ணு வளத்த வளப்பு."

அறிவுமதியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ சுலோகம் சொல்கிறாள் என்று ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சொன்னாள். *ஆல்ஃபா ப்ளஸ் பீட்டா, மைனஸ் பி பை ஏ. ஆல்ஃபா பீட்டா, சி பை ஏ.* யாரோ அட்சதை போட்டார்கள். அரிசி உள்ளங்கையில் விழுந்து 'சி'யை மறைத்தது. ஊதித் தள்ளினாள்.

செந்தமிழன் மைக்கைப் பிடித்தான். "ஆக்சுவலா, நம்ம கல்ச்சர்னா என்னன்னு அங்க சிங்கப்பூர்ல கேப்பாங்க. நான் இந்த வீடியோவக் காட்டுவேன். பேசிக்கலா, ஒரு பொண்ணுன்னா இப்படித் தலகுனிஞ்சு இருக்கணும்."

கைதட்டல். அடுத்து முருகானந்தம் பேசினார். பல்கலைக்கழகத்தைக் கட்டினார்.

*

வீடு திரும்பும்போது ஆறு மணி. வஹீதா ஐந்து கிராப் ஷீட்டோடு வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏய், கைய கழுவிட்டு வா. நாலு கிராப்பாவது போட்டுப் பாத்துருவோம்."

"கழுவிட்டேன்டி."

வஹீதா அவள் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அல்லாவே!"

நேற்று ஆரஞ்சாக இருந்தது இன்று ரத்தச் சிவப்பாகிவிட்டது. கொடிக்குள் ஒளிந்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோலத் தெளிவாக நின்றன.

"நாளைக்கு ஹால்ல கைய விரிச்சுக் காட்டச் சொல்வாங்கடி! பிட்டுன்னு புடிச்சா மூணு வருஷம் எழுதவிட மாட்டாங்க!"

இருவருக்கும் இது தோன்றவே இல்லை. புத்தகத்தைப் பூட்டிவிட்டார்களே என்கிற அவசரத்தில் கையைப் புத்தகமாக்கிக் கொண்டார்கள். புத்தகத்தைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள்.

எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். டூத்பேஸ்ட் தேய்த்தார்கள். பாத்திரம் விளக்குகிற நாரை எடுத்து அறிவுமதி தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்தது, எழுத்து உரியவில்லை. குழாயடிச் சத்தம் கேட்டு அத்தை வந்தார். கையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆத்தி, எப்படிச் செவந்திருக்கு! மருதாணி இப்படிச் செவந்தா கட்டிக்கப்போறவன் உசுரையே வச்சிருப்பானாம். செந்தமிழா, இங்க வந்து பாரேன்!"

அறிவுமதி கையை மூடிக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. அத்தை அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, சீர்த்தட்டுகளைப் பிரித்துவைக்கப் போனார்.

வள்ளிக்கண்ணு இருவரையும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடி?"

வஹீதா சொன்னாள். வள்ளிக்கண்ணு கேட்டுக்கொண்டே மகளின் கையை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். காலை மூன்று மணிக்கு எழுந்த உடம்பு. திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"கோன் மிச்சம் இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி. எதுக்கு?"

"எங்க காலத்துல கொடியெல்லாம் ஏது? உள்ளங்கையில பெருசா ஒரு வட்டம், அப்பி வச்சிருவோம். இதெல்லாம் அதுக்கு அடியில போயிரும்." கோனை வாங்கி நுனியைப் பெரிதாக வெட்டினாள். "இது என்ன?"

"விடும்மா, சும்மா அப்பி விடு."

"என்னன்னு சொல்லு. பாக்காம சொல்லு. நீ சரியாச் சொன்னாத்தான் அழிப்பேன். வஹீதா, நீ சரியான்னு பாரு."

அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டாள். "பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏ சி. ஜீரோவ விடப் பெருசா இருந்தா ரெண்டு ரூட்டு, வேற வேற."

"சரி ஆன்ட்டி."

சில்லென்று ஒரு சொட்டு விழுந்து பரவியது.

"இது?"

"மூலங்களோட கூட்டுத்தொக. பி பை ஏ."

"தப்பு ஆன்ட்டி. மைனஸ விட்டுட்டா."

"மைனஸ போட்டுச் சொல்லு. நான் இங்கேயே இருக்கேன்."

"மைனஸ் பி பை ஏ."

ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். கடைசியில் உள்ளங்கை முழுக்க ஒரே கறுப்பு அடை. வள்ளிக்கண்ணுவுக்கு ஆல்ஃபாவும் தெரியாது, பீட்டாவும் தெரியாது. ஆனால் மகள் எங்கே தடுமாறுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு இடது கையைச் செய்தித்தாளின் மேல் காயவைத்துவிட்டு, வலது கையில் பென்சிலைக் கொடுத்தாள். "இப்ப அந்தக் கட்டத் தாள்ல போடு. அத்தைய நான் பாத்துக்கறேன்." வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாசல்படியை அடைத்து உட்கார்ந்தாள்.

*

மறுநாள் ஹாலில் ஒரு டீச்சர் கையை விரிக்கச் சொன்னார். ஒரு கையில் மயில், மறு கையில் அப்பளம் அளவுக்கு ஒரு சிவப்பு.

"இது என்ன டிசைன்?"

"பழைய டிசைன் மிஸ்."

டீச்சர் ஜன்னல் வழியே எதிரே நின்ற ஃப்ளெக்ஸைப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார்.

"ஃபங்ஷன நேத்தா வச்சாங்க?"

"ஆமா மிஸ்."

டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

கிராப் கேள்வி வந்தது. வளைகோடு இந்தத் தடவை நேராக நின்றது. மைனஸ் வரவேண்டிய இடங்களில் எல்லாம் அவள் ஒரு கணம் நிறுத்தி உள்ளங்கையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. 'போட்டுச் சொல்லு, நான் இங்கேயே இருக்கேன்' என்ற குரல் மட்டும் இருந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் எண்பத்தாறு.

முருகானந்தம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தார். அதோடு நின்றிருக்கலாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அரிசியை அளந்துகொண்டே இன்னொன்றையும் சொன்னார்: "பரீட்சைக்கு முதல் நாளு முந்நூறு சுமங்கலி அட்சத போட்டாங்க பாருங்க, அதோட பலன். இல்லன்னா அறுபத்தெட்டு எப்படிங்க எண்பத்தாறாகும்?" கேட்டவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. அடுத்த மாதம் மூலத்தோப்பில் இரண்டு பேர் ஜோசியரிடம் போய், அடுத்த வருடம் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் முகூர்த்தம் கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும் என்றார் ஜோசியர்.

சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. முருகானந்தம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பரவால்ல மச்சான். அறிவு படிக்கட்டும். பேசிக்கலா, சின்னது இருக்குல்ல? கனிஷ்கா எப்படிப் படிக்குது?"

"சுமாராத்தான் மாப்ள."

"சுமாருன்னா நல்லதுதான். வயசுக்கு வந்ததும் சொல்லுங்க, உடனே லீவு போடுறேன். இந்தத் தடவ யான வச்சுருவோம்."

வள்ளிக்கண்ணு அடுக்களையில் இருந்தாள். கேட்டுக்கொண்டாள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கனிஷ்கா பாத்ரூமிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். வள்ளிக்கண்ணு உள்ளே போய் வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று ஒரு லெட்டர் எழுதினாள். உளுந்தங்களி கிண்டினாள், நல்லெண்ணெய் ஊற்றி எல்லோர் தட்டிலும் வைத்தாள்.

"என்ன இன்னைக்குக் களி?" என்றார் முருகானந்தம்.

"இடுப்புக்கு நல்லதுங்க."

அவர் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். திங்கட்கிழமை கனிஷ்கா பள்ளிக்கூடம் போனாள். ஊருக்குத் தெரியாது. வீரம்மாளுக்குத் தெரியாது. ட்ரோனுக்குத் தெரியாது. மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்று பேரும் அந்தப் பக்கமே பேச்சை விடவில்லை.

தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லச் செந்தமிழன் கூப்பிட்டான்.

"அக்கா, சின்னது இன்னும் ஆகலையா?"

அடுத்த அறையில் கனிஷ்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அறிவுமதி அவளுக்கு ஃபேக்டர் போடச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். "மைனஸ் எங்கடி? மறுபடியும் விட்டுட்ட பாரு."

"இல்லடா, இன்னும் ஆகல" என்றாள் வள்ளிக்கண்ணு. "ஆனா ஒங்கிட்டதான மொதல்ல சொல்லுவேன்."

போனை வைத்தாள். முருகானந்தம் கவலையோடு முகவாயைத் தடவினார்.

"பதினாலு ஆவுது. இன்னும் ஆகலைன்னா எப்படி? டாக்டர்கிட்ட காட்டுவமா?"

"காட்டலாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. காய்ந்த துணிகளை மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். "இப்ப என்ன அவசரம்? பன்னெண்டாவது முடியட்டும்."